நடு நெற்றியில் ஒரு லைக்

லின்சிக்கு மேகலாவின் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்துச் சொன்னால் அந்தப் பெண்ணைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடுவீர்கள். பொல்லாதவள் இல்லை. பந்தியில் பசியோடு உட்கார்ந்தவளுக்குப் பக்கத்து இலை கண்ணில் படுமே, அந்த மாதிரிதான்.

இரண்டு பேரும் ஒரே ஊர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பாபநாசத்துக்கு வருகிற டவுன் பஸ்ஸில் ஒருத்தி இடம் பிடித்து வைத்தால் இன்னொருத்தி உட்காருவாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. மேகலா பஸ் ஜன்னலில் தலை சாய்த்து ஒரு படம் எடுத்துப் போட்டால் சாயந்திரத்துக்குள் எண்ணூறு பேர் லைக் போடுவார்கள். அதே பஸ், அதே ஜன்னல், அதே வெயில், லின்சி போட்டால் முப்பத்திரண்டு. அதில் ஒன்று அவள் அம்மா போட்டது. இன்னொன்று, வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அவளே போட்டுக்கொண்டது.

மேகலாவின் படத்துக்கு முதல் லைக் எப்போதும் லின்சியுடையதுதான். முதல் ஆளாகப் போட்டுவிட்டால் உள்ளே எரிவது யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். போட்டுவிட்டு, அது நூறாகி இருநூறாகி ஏறுவதை, வலிக்கிற பல்லை நாக்கு தேடிப் போவது போலத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது தலைமையாசிரியை அருள்மேரி ஒரு சட்டம் கொண்டுவந்தார். பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் செல்போன் கொண்டுவரலாம். ஆனால் காலையில் ஆபீஸில் கொடுத்துவிட்டுச் சாயந்திரம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தையல் டீச்சர் கெட்டித் துணியில் வரிசை வரிசையாகப் பை தைத்து, எண் போட்டு, இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தொட்டில்.

"தொட்டில்ல போட்டியாடி?"

"தூங்க வச்சாச்சு."

மற்ற பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க வெறும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரிந்தார்கள். லின்சிக்கு மட்டும் நிம்மதி. காலை ஒன்பதரையிலிருந்து நாலே கால் வரைக்கும் மேகலாவும் வெறும் மேகலாதான். கணக்கில் தப்புப் போடுகிற, சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் "இத கொஞ்சம் தொறந்து குடேன்டி" என்று நீட்டுகிற மேகலா. அந்த மேகலாவை லின்சிக்குப் பிடிக்கும்.

சட்டத்தோடு ஒரு பாடவேளையும் வந்தது. வியாழக்கிழமை கடைசிப் பீரியட். இந்தப் படம் போடுவதும் லைக் எண்ணுவதும் மனசை என்ன செய்கிறது என்று சொல்லித்தர வேண்டும். புத்தகம் கிடையாது. பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவர் என்பதால் தாவரவியல் எடுக்கிற பிரகதீஸ்வரி டீச்சரின் தலையில் அது விழுந்தது. அவர் அதைச் சுமை என்று நினைக்கவில்லை.

"வெறும் ஹாய்னு போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான். யாருன்னே தெரியாது. தொறக்காதீங்க. நீங்க ஒரு ஹாய் சொன்னா அவன் ஒம்பது கேள்வி கேப்பான்" என்று முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, டீச்சர் கும்பகோணம் கடைத்தெருவில் வாங்கின ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளோடு வகுப்புக்கு வந்தார்.

"பின்னாடி இருக்கிற செவுருதான் இனிமே நம்ம பேஜ். ஆளுக்கு ஒண்ணு ஒட்டுங்க. போட்டோவா இருக்கட்டும், வரைஞ்சதா இருக்கட்டும், எழுதினதா இருக்கட்டும். பிடிச்சதுக்குப் பொட்டு வைங்க. ஒரு பொட்டு ஒரு லைக். ஆளுக்குப் பத்து. தனக்குத்தானே வச்சிக்கக் கூடாது."

"கமெண்ட் உண்டா மிஸ்?" என்றாள் பூர்ணிமா.

"நீ இருக்கும்போது அதுக்குத் தனியா இடம் வேற ஒதுக்கணுமா?"

வகுப்பு சிரித்து அடங்கியதும் டீச்சர் சொன்னார்: "பத்து நாள் கழிச்சு எல்லாரும் எண்ணிப் பாருங்க. எண்ணினப்போ உடம்புல எந்த இடத்துல வலிச்சுதுன்னு எழுதிக் கொடுக்கணும். எனக்கு வலிக்கவே இல்லன்னு எழுதுறவளுக்கு மார்க் கிடையாது."

லின்சி மூன்று நாள் சாயந்திரம் உட்கார்ந்து வரைந்தாள். அவர்கள் வருகிற பஸ் பாதை முழுவதும், நிறுத்தம் நிறுத்தமாக. ரைஸ்மில் நிறுத்தத்தில் கொட்டாவி விடுகிற வாத்தியார், மதகடி நிறுத்தத்தில் பூக்கூடையைக் கண்டக்டர் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்கிற அம்மாள், இறங்கும்போதெல்லாம் செருப்பைத் தேடுகிற தாத்தா. கலர் பென்சில் தேய்ந்து கட்டையாகிவிட்டது. இந்தத் தடவை ஜன்னல் வெயிலும் இல்லை, மேகலாவின் கூந்தலும் இல்லை, கைவேலைதான் பேசும் என்று இருந்தாள்.

மேகலா ஒரு போட்டோவைக் கொண்டுவந்து ஒட்டினாள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிற அவள் அப்பா பஞ்சநதம், மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதி எழும்பின மாடிக் கட்டடத்தின் முன்னால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறார். கீழே மேகலா ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அப்பா கட்டுகிற வீடு எதிலும் அப்பா இருந்ததில்லை.'

ஒரு வரிதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது எழுத.

திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள் அந்தப் போட்டோவைச் சுற்றி முப்பத்தொரு பொட்டு. சிவப்பும் கறுப்பும் பச்சையுமாக, சட்டம் போட்டது மாதிரி ஓரம் முழுக்க. பிள்ளைகள் வெள்ளைக் கரையில்தான் வைத்தார்களே தவிர, ஒருத்தியும் ஆள்மேல் வைக்கவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. பொட்டு வைத்த போட்டோ எப்படிப்பட்டவர்களுடையது என்று பதினாறு வயதுப் பெண்களுக்குத் தெரியாதா?

லின்சியின் பஸ்ஸுக்கு நாலு பொட்டு.

எனக்கு அந்த நாலை நினைத்தால் இன்றைக்கும் ஐயோ பாவம் என்றிருக்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்று தேற்றிக்கொள்ளலாம். நாலு என்றால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று லின்சி தனியாக வகுப்புக்குத் திரும்பி வந்தாள். அவள் அட்டையில் ஒரே ஒரு பொட்டு மிச்சம். இருப்பதிலேயே பெரியது, அரக்குச் சிவப்பு. சுவருக்கு முன்னால் நின்றாள். வெளியே குழாயடியில் தட்டு கழுவுகிற சத்தம். பொட்டை உரித்தாள். பஞ்சநதத்தின் நடு நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

லைக்தானே, என்று சொல்லிக்கொண்டாள். இந்த இடத்தில்தான் வைக்கணும் என்று மிஸ் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் தாத்தா படத்துக்கு மாலைதான் போடுவோம், பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது, எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் எதிர்வீட்டு அம்சம் அக்கா, வெள்ளிக்கிழமை தவறாமல் செத்துப்போன புருஷனின் படத்தைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். தெரியும். தெரிந்துதான் வைத்தாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மேகலாவின் அம்மா அமிர்தம் பள்ளிக்கு வந்தாள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு முறைக்காகக் காத்திருக்கிறவள், அந்த உமித் தூசியோடு அப்படியே வந்திருந்தாள். தினமும் விடியற்காலையில் பேசுகிற மனுஷன் திங்கட்கிழமையிலிருந்து பேசவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்து கிடக்கிறது. மகளுடைய போனுக்காவது ஏதாவது வந்திருக்குமா என்று கேட்க வந்தாள். தலைமையாசிரியை அவளை வகுப்புக்கு அழைத்து வந்தார்.

வாசலில் நின்று, "மேகலா" என்று கூப்பிட்டவளின் கண் பின்சுவருக்குப் போய்விட்டது.

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய், அந்தப் போட்டோவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். ஒரு கை தாலிச்சரட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. "யாரு வச்சது?" என்றாள். "எனக்கு முன்னாடி யாருக்குச் சேதி வந்துது? சொல்லுங்கம்மா, யாருக்குத் தெரியும்?"

மேகலா ஓடிப்போய் அந்தப் படத்தைப் பிய்த்தாள். பொட்டு மட்டும் வர மாட்டேன் என்றது.

"யார் செய்தது?" தலைமையாசிரியையின் குரலில் ஜன்னலோரக் காக்கை பறந்துவிட்டது.

லின்சி எழுந்தாள். கால் தானாகவே எழுந்ததாக அவளுக்குத் தோன்றியது. "நான்தான் மிஸ். லைக்குன்னு நெனச்சு..."

அமிர்தம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மூச்சு விட்டாள். "அட, நம்ம லின்சியா? அது வேதக்காரப் புள்ள, சர்ச்சுக்குப் போறது. அதுக்கு என்ன தெரியும்? விடுங்கம்மா, திட்டாதீங்க."

பிரகதீஸ்வரி டீச்சர் முன்னால் வந்தார். "தப்பு என்னோடதுங்க. லைக்குக்குப் போய்ப் பொட்டைக் கொடுத்தேன் பாருங்க. ஒரு நிமிஷம் யோசிக்கலியே."

வகுப்பே மேகலாவைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள், பூர்ணிமா அழவே ஆரம்பித்துவிட்டாள். இடத்திலேயே நின்ற லின்சிக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதும் பொறாமை வந்தது. பயப்படுவதற்குக்கூட இவளுக்கு முப்பது பேர். வந்ததும், தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆபீஸில் தொட்டிலிலிருந்து மேகலாவின் போனை எடுத்தார்கள். கூப்பிட்டவர் யாரும் இல்லை. தெரிந்தவர்கள் அனுப்பினதிலும் ஒன்றும் இல்லை. "தெரியாதவங்க அனுப்புறது எங்க இருக்கும்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"அது தனியா இருக்கும் மிஸ். நாங்க தொறக்க மாட்டோம்."

"இப்பத் தொற."

ஃபாஜில் என்று ஒரு பெயர். திங்கட்கிழமை ஒரு ஹாய். செவ்வாய்க்கிழமை ஒரு ஹாய் மேகலா. அதற்குக் கீழே: 'பாப்பா நான் அப்பா. போன் சிமெண்டுக் கலவையில விழுந்துட்டு. யார் நம்பரும் மனசுல இல்ல. ரூம்ல இருக்கிற தம்பி உன் பேரைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுத்தாரு. அம்மா நம்பரை அனுப்பு.' அதற்கும் கீழே, இன்று காலை: 'ஏம்மா பதில் போட மாட்டேங்குற, அப்பா மேல கோவமா?'

"பாத்தேன்மா, ஹாய்னு இருந்துச்சு, எவனோன்னு விட்டுட்டேன்" என்று மேகலா சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். அமிர்தம் அந்தப் போனை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை பிரகதீஸ்வரி டீச்சரைத் தனியே அழைத்தார். கதவு சாத்தவில்லை, வராந்தாவில் நின்ற லின்சிக்கு எல்லாம் கேட்டது. "ஒரு பாடத்துல உயிரோட இருக்கிறவருக்குப் பொட்டு வச்சாச்சு. இன்னொரு பாடத்துல பெத்த அப்பன் கூப்பிட்டா பதில் இல்ல. போதும் டீச்சர். வியாழக்கிழமை கடைசிப் பீரியடு இனிமே கணக்கு."

சாயந்திரம் போனை வாங்கிக்கொண்டு போகிற வழியில் லின்சி வகுப்பை எட்டிப் பார்த்தாள். டீச்சர் தனியாக நின்று, ஸ்கேலின் ஓரத்தால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்துவிட்டு, "நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத லின்சி. தெரியாமச் செஞ்சது" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? லின்சிக்கு அது தாங்கவில்லை.

பஸ்ஸில் மேகலா இடம் பிடித்து வைத்திருந்தாள். "வாடி. எங்கம்மா என்ன சொல்லுது தெரியுமா? நீ பொட்டு வச்சதுல அப்பாவுக்கு வரவேண்டிய கெட்டதெல்லாம் கழிஞ்சுபோச்சாம். இனிமே ஆயுசு கெட்டியாம். உனக்கு அதிரசம் சுட்டுத் தரப் போவுதாம்."

லின்சி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"படத்துல பொட்டு வச்சா என்னன்னு தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன்."

பஸ் மதகடி நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏறி, கிளம்பியது.

"எங்கப்பா உன்னை என்னடி பண்ணாரு?"

"அவரு ஒண்ணும் பண்ணல. உனக்கு முப்பத்தொண்ணு."

"அதுக்கா?"

"அதுக்கு முன்னாடியும்தான். ஒம்பதாவதுலேர்ந்து."

மேகலா ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சட்டென்று திரும்பி, "உன் படத்துல நான் ஏன் ஒரு பொட்டுகூட வைக்கலன்னு நீ கேக்கவே இல்லியே" என்றாள். "எல்லா ஸ்டாப்புலயும் ஆள் வரைஞ்ச. செருப்பைத் தேடுற தாத்தாவக்கூட வரைஞ்ச. நம்ம ஸ்டாப்புல நீ மட்டும் தனியா நிக்கிற. அஞ்சு வருஷமா உன்கூட அங்க நிக்கிறவ நான். எத்தனை தடவை தேடினேன் தெரியுமா?"

வேண்டுமென்று விட்டதா, கை தானாக விட்டதா, லின்சிக்கே தெரியவில்லை. மேகலா எழுந்து டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை லின்சி தலைமையாசிரியை அறைக்குப் போனாள். தெரிந்துதான் வைத்தேன் என்று சொன்னாள். டீச்சர் மேல் தப்பில்லை, வியாழக்கிழமை பீரியடை நிறுத்தாதீங்க மிஸ் என்றும் சொன்னாள்.

அருள்மேரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எதனால வச்சே?"

"பொறாமை மிஸ்."

"எங்க வலிச்சுது?"

லின்சி தொண்டைக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இதை அந்த டீச்சர் சொல்லிக் கொடுக்கலன்னா நீ இன்னிக்கு இங்க வந்திருக்க மாட்டே. சரி, பீரியடு இருக்கட்டும். ஆனா செவுத்துக்குக் கீழ உக்காந்தது நான் இல்ல. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

சனிக்கிழமை மத்தியானம் லின்சி போனாள். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே ரோடு நெடுக நெல். ஈரம் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்களாம். அமிர்தம் குறுவை நெல்லைத் தாரில் பரப்பி, வரிவரியாகக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். மேகலா அந்தக் கோடியில் கிளறினாள். லின்சியைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

மகள் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. அமிர்தம் சிரித்த முகமாக, "வா லின்சி, வெயில்ல நிக்காதே" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

அமிர்தத்தின் கால் நின்றது.

"தெரிஞ்சேவா?"

"ஆமா அத்தை."

"அன்னிக்கு உக்காந்தேன் பாரு, அப்ப எனக்குக் காலு ரெண்டும் இருக்கிறதே தெரியல. அவரு போயிட்டாருன்னே முடிவு பண்ணிட்டேன். பொணத்தை எப்படிக் கொண்டாருவாங்கன்னு யோசிச்சிட்டேன். அது வரைக்கும் போயிட்டேன் நானு."

"அடிச்சிடுங்க அத்தை."

"அடிச்சா உனக்கு லேசாப் போயிடும்."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் நெல்லின் மேல் பட்டதும் ரோடு முழுக்க ஆட்கள் ஓடினார்கள். அமிர்தம் தார்ப்பாயை உதறினாள். "நின்னுகிட்டு என்ன பாக்குற? அந்த மூலையைப் புடி!" லின்சி ஓடிப்போய்ப் பிடித்தாள். நெல்லை வாரிக் குவித்து, மூடி, ஓரத்தில் செங்கல்லும் கருங்கல்லும் வைப்பதற்குள் மூன்று பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். மிச்சமிருந்த சின்னத் தார்ப்பாய் ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் நின்றார்கள். லின்சி வெளியே நின்றாள்.

அப்போது அமிர்தத்தின் இடுப்பில் போன் அடித்தது. எடுத்தாள். திரையில் பஞ்சநதம், புதுப் போன் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மழையா அங்க? நெல்லு?"

"நெல்லு மூடியாச்சு. இருங்க, உங்ககிட்ட ஒரு புள்ளைக்குப் பேசணுமாம்." அமிர்தம் போனை லின்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொல்லு. நெத்தியப் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். வெயிலில் கறுத்து, தொப்பி பட்ட இடம் மட்டும் வெளுத்து, வேர்வை மினுமினுக்கிற, ஒன்றும் ஒட்டாத நெற்றி.

"யாரு, லின்சியா? சொல்லும்மா."

"மாமா, உங்க போட்டோவுல பொட்டு வச்சது நான். தெரிஞ்சேதான் வச்சேன். எனக்கு மேகலாவைப் பாத்தா எரியுது மாமா." எரிந்தது என்று சொல்லவில்லை. எரியுது என்றுதான் சொன்னாள். "உங்களுக்கு ஏதாவது ஆயிடணும்னு நெனைக்கல. ஆனா வச்சேன். மன்னிச்சிடுங்க."

பஞ்சநதம் வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியும் மூடாமலும் அப்படியே இருந்தார். கோபமா? அழுகிறாரா?

மேகலா எட்டிப் பார்த்தாள். மூன்று நாளாகப் பேசாதவள் பேசினாள்.

"நெட் நின்னுபோச்சுடி. நீ மாமான்னு கூப்பிட்டது மட்டும்தான் கேட்டுருக்கும் அவருக்கு. திரும்பப் போடு. முதல்லேர்ந்து சொல்லு."

"முதல்லேர்ந்தா?"

"பின்ன?"

லின்சி ஈர விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, போனை வாங்கி மறுபடி கூப்பிட்டாள். மணி அடிக்கத் தொடங்கியது. மேகலா தார்ப்பாயின் ஓரத்தை நீட்டி அவள் தலைக்கு மேலும் பிடித்தாள்.

"போன் நனையும்" என்றாள்.